டிக்கெட் வேண்டாத பயணி

நம் ஷெட்டுக்குள் ஒரு ரயில் நிலையம் இருப்பதை வேலைக்குச் சேர்ந்த அன்றே பார்த்திருப்பீர்கள். தரையில் மஞ்சள் கோடு, தலைக்கு மேல் பெயர்ப்பலகை, வரிசையாகப் பயணச்சீட்டு கேட்டுகள், எல்லாம் உண்டு. ரயில் மட்டும் கிடையாது. கேட்டைத் தாண்டி நேராக நடந்தால் கேன்டீன் வரும். சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அங்கே நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வது வழக்கம். எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அந்தப் பொய் நிலையத்துக்குள் நிஜமான ஜனங்கள் நுழைந்தபோது என்ன ஆயிற்று என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஓய்வு பெற்றுப் பென்னலூரில் வீட்டோடு இருக்கிறேன். சொல்வதற்கு நேரம் நிறைய இருக்கிறது.

நாம் செய்யும் பொருளை வெளியாட்களுக்கு விளக்குவது லேசான காரியமில்லை. "ஸ்டெல்லா, நீ எங்கே வேலை பார்க்கிறாய்?" என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்டால், "கதவு செய்யற கம்பெனி" என்பேன். "மரக்கதவா, இரும்புக்கதவா?" என்பார்கள். சுரங்க ரயில் நிலையத்தில் அட்டையைக் காட்டினால் திறக்குமே, அது என்பேன். "அதுக்கா ஒரகடத்துல இவ்ளோ பெரிய கம்பெனி வெச்சிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அட்டையை வைத்ததும் இரண்டு பக்கமும் உள்ளே இழுத்துக்கொண்டு, ஒருவர் போனதும் திரும்ப வந்து மூடிக்கொள்ளும் பலகைகளுக்கு நாம் இறக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த இறக்கை எப்போது மூட வேண்டும் என்பதில்தான் நம் பிழைப்பே ஓடுகிறது. சீக்கிரம் மூடினால் பயணியை அடித்துவிடும். தாமதமாக மூடினால், முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிக்கொண்டு இன்னொருவன் டிக்கெட் இல்லாமல் போய்விடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள்தான் நான் பாதி ஆயுளைக் கழித்தேன்.

ஒரு பெருநகரத்தின் புதிய சுரங்கப் பாதைக்கு மொத்தமாக கேட் செய்துதரும் ஆர்டர் நமக்குக் கிடைத்த சமயம் அது. எந்த ஊர் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. பழைய பாதையில் நடைமேடையில் முண்டியடிக்கும் கூட்டத்துக்கும், இத்தனை பேர் வந்தார்கள் என்று கேட் காட்டும் கணக்குக்கும் சம்பந்தமே இல்லையாம். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு போகிறார்களாம். ஆகவே நமக்குப் போட்ட முதல் நிபந்தனையே, அட்டை வைக்காத ஒருவரும் போகக்கூடாது, ஒட்டிக்கொண்டு வருகிறவன் முகத்துக்கு நேரே இறக்கை மூட வேண்டும் என்பதுதான். பேப்பரில் படிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

முதல் சுற்றுச் சோதனைக்கு நம் ஆட்களையே விட்டோம். உற்பத்தி லைனிலிருந்தும் ஸ்டோரிலிருந்தும் ஒரு கூட்டத்தைக் கூப்பிட்டு, அட்டையைக் கொடுத்து நடக்கச் சொன்னேன். அருமையாக நடந்தார்கள். கேட் ஒரு தப்பும் செய்யவில்லை. வீடியோ எடுத்துப் பெருமையாக அனுப்பிவைத்தோம்.

மறுநாளே போன் வந்தது. அவர்கள் பக்கத்துத் தலைமை அதிகாரிதான். கும்பகோணம் பக்கத்துக்காரர், அந்த ஊருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். பேச்சு குறைவு. அவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

"அம்மா, வீடியோவைப் பார்த்தேன். இவங்க எல்லாம் உங்க கம்பெனி ஆளுங்களா?"

"ஆமாம் சார்."

"அதான். தினமும் ரெண்டு வேளை பன்ச் பண்ணி உள்ள போயி வெளிய வர்றவங்க. அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டே தூங்கறவங்க. இவங்க பயணி இல்ல. எனக்குப் பயணியைக் காட்டுங்க."

பயணிக்கு நான் எங்கே போவேன்? ஒரகடத்தில் இறங்கினால் கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும்தான். அப்போதுதான் ஏழுமலையின் ஞாபகம் வந்தது.

ஏழுமலை பென்னலூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அவர் தொழில், கட்சிக் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போவது. எந்தக் கட்சி என்ற பேதமெல்லாம் கிடையாது. வேன் வைத்து, சாப்பாடு பேசி, கூட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். அதில் அவரைக் குறை சொன்னவர் யாருமில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கை தட்டணுமா மேடம்?"

"வேணாம்."

"கொடி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கேட்டுல பூந்து அந்தப் பக்கம் போவணும். திரும்ப வரணும். சாயங்காலம் வரைக்கும்."

"அவ்ளோதானா? பேச்சு எதுவும் கேக்க வேணாமா?" அவர் முகம் மலர்ந்தது. "அப்போ எத்தினி பேர் வேணாலும் இட்டாறேன் மேடம். பேச்சு இல்லன்னா ஊரே வரும்."

சொன்னபடியே வந்தார்கள். வல்லக்கோட்டை, பென்னலூர், சுற்றுவட்டாரம் எல்லாம் சேர்ந்து வேன்களில் வந்து இறங்கியது. பெண்களில் பாதிப் பேர் ஒரே நிறச் சேலை, போன கூட்டத்தில் கொடுத்ததாம். ஷெட்டுக்குள் வந்ததும், யாரும் சொல்லாமலே வரிசையாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுப்பி நடக்கச் சொன்னால், ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, கம்பெனி ஆட்களைவிட ஒழுங்காக நடந்தார்கள். கேட் திறந்தபோது ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "ஏழுமலை, இப்படி நடந்தா பிரயோசனமில்ல. தள்ளிக்கிட்டு வரணும். அவசரமா வரணும்."

"தள்ளுனா திட்டுவீங்களேன்னு சொல்லி இட்டாந்துக்கீறேன் மேடம்."

"நான் திட்ட மாட்டேன்."

அவர் மெகாபோனை எடுத்தார். "எல்லாரும் கேட்டுக்குங்க. கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பாக்க எப்டி வருவீங்களோ அப்டி வாங்க. நடை சாத்தப் போறாங்க."

அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் எனக்கு நிஜப் பயணிகள் கிடைத்துவிட்டார்கள். சாக்குமூட்டையைத் தலையில் வைத்தபடி வந்தவர், அட்டையை இடுப்பில் சொருகிவிட்டு எங்கே என்று தேடியவர், உள்ளே போன புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே பாய்ந்தவர், குடையை விரித்தபடியே நுழையப் பார்த்தவர். ஏழுமலை "ரயில் வந்துட்ச்சி, ரயில் வந்துட்ச்சி" என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தார். என் பிரிவுப் பிள்ளைகள் ஓடி ஓடிக் குறித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குறையாகச் சரிசெய்தோம். சில நாட்கள் இப்படிப் போனது. ஷெட்டில் அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு சிரிப்புச் சத்தம் நான் கேட்டதில்லை.

கேட்டுகள் தேறிவிட்டன. தலைமை அதிகாரியும் அவர் ஆட்களும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் கடைசி ஒத்திகை வைத்தோம்.

அன்றைக்கு ராணி என்ற பெண் தன் மகளையும் அழைத்து வந்திருந்தாள். மூன்று வயசு இருக்கும். வல்லக்கோட்டையிலிருந்து தினமும் வந்து எங்களுக்காக நடந்துகொண்டிருந்தவள் ராணி. "வூட்ல பாத்துக்க ஆளு இல்ல மேடம், அதான் இட்டாந்தேன். ஓரமா குந்தி இருப்பா" என்றாள். குழந்தையும் பிஸ்கட் பாக்கெட்டோடு சமர்த்தாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு வேளைக்கு அப்புறம் அதற்குச் சலிப்புத் தட்டிவிட்டது. அழ ஆரம்பித்தது. ராணி அதன் கையைப் பிடித்துத் தன் பின்னால் இழுத்துக்கொண்டே அட்டையை வைத்து உள்ளே நுழைந்தாள். எந்தத் தாயும் அவசரத்தில் செய்வதுதான்.

ராணி போனாள். இறக்கை மூடியது.

நமக்கு இடுப்பு உயரத்தில் இருப்பது அந்தக் குழந்தைக்கு முகம். நெற்றியில் விழுந்தது அடி. குழந்தை வீறிட்டதும் ஏழுமலையின் மெகாபோன் நின்றது, கூட்டம் நின்றது. நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை, கையில் குழந்தை இருந்தது. ரத்தம் வரவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெற்றி புடைத்துக்கொண்டு வந்தது. கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ராத்திரி வாந்தி எடுத்தால் மட்டும் கூட்டி வாருங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் அது ராணியின் தோளிலேயே தூங்கிப்போனது.

கேட்டின் பதிவை எடுத்துப் பார்த்தேன். கேட் ஒரு தப்பும் செய்யவில்லை. அட்டை வைத்தவர் ஒருவர், ஒட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர், தடுக்கப்பட்டார். நாங்கள் என்ன சொல்லிக்கொடுத்தோமோ அதைத்தான் செய்திருந்தது. குழந்தையை அது திருடனாகப் பார்த்திருக்கிறது. பழுது என்றால் சரிபண்ணிவிடலாம். இது பழுது இல்லை.

பிளான்ட் மேனேஜர் சுந்தரம் சாரின் அறைக்குப் போனேன். கெட்ட மனுஷர் இல்லை அவர். கான்ட்ராக்ட் பிள்ளைகளின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"குழந்தைக்கு எப்படி இருக்கு?"

"தூங்குது சார். பரவால்ல."

"ஸ்டெல்லா, அவங்க கொடுத்த டெஸ்ட் லிஸ்ட்ல குழந்தையே கிடையாது. அந்த உயரத்துக்கு டிக்கெட்டும் கிடையாது. டிக்கெட் இல்லைன்னா பயணிகள் கணக்குலயே வராது. கணக்குல வராதவங்களுக்கு நாம எப்படி கேட் செய்யறது?"

"கணக்குல வராது சார். ஆனா ஸ்டேஷனுக்கு வருமே."

"'குழந்தையை முன்னால் அனுப்பவும்'னு போர்டு வைப்பாங்க."

"ராணிக்கு நானே காலையில சொன்னேன், கேட்டுக்குள்ள யாரையும் கைப்பிடிச்சு இழுக்காதேன்னு. ரயில் வந்துடுச்சுன்னு கத்தினா யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் சொல்றதையும் கேளு. நாளைக்குக் கையெழுத்து ஆகலைன்னா லைன் நிக்கும். லைன் நின்னா கான்ட்ராக்ட் ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவாங்க. அது என் கையில இல்ல. கையெழுத்து ஆகட்டும். அப்புறம் மெதுவா எழுதிப் போடுவோம், மாத்திக்கலாம்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதைத்தான் திருப்பித் திருப்பி யோசித்தேன். கையெழுத்தான பிறகு எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டுகள் லாரியேறிப் போய்விடும். சுரங்கத்தில் பொருத்திவிடுவார்கள். நம் கடிதம் எங்கேயோ ஒரு மேசையில் கிடக்கும். முதல் குழந்தை அடிபட்ட பிறகுதான் அதைத் தேடுவார்கள். அதுவும் சத்தமாக அழுத குழந்தையாக இருந்தால்.

வீட்டுக்குப் போனதும் ஏழுமலைக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை வேணும். நிஜக் குழந்தை இல்ல. துணிக்கடையில டிரெஸ் போட்டு நிக்க வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி பொம்மை. மூணு வயசு உசரம்."

"இன்னா மேடம், ஆளு கேட்டீங்க, இப்போ பொம்மை கேக்குறீங்க" என்றவர், காரணத்தைச் சொன்னதும், "பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவிலிருந்து கூப்பிட்டார். "ரெண்டு கீது மேடம். ஒண்ணு பையன், ஒண்ணு பொண்ணு. எது வேணும்?"

"ஏதாவது ஒண்ணு கொண்டு வாங்க."

"பொண்ணுக்கு ஜரிகை கவுனு போட்டுக்கீது. கவுனு அழுக்காச்சின்னா வாங்கிக்கணும்ன்றாரு கடைக்காரு."

"வாங்கிக்கறேன். எடுத்துட்டு வாங்க."

வேனில் இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பொம்மை வந்து சேர்ந்தது. சுந்தரம் சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபத்தில் அவருக்குக் குரல் இறங்கிவிடும்.

"லிஸ்ட் முடியற வரைக்கும் அது வெளிய வரக் கூடாது."

"முடிஞ்சப்புறம் சார்?"

அவர் விருந்தாளிகளை வரவேற்கப் போய்விட்டார்.

சோதனை ஆரம்பித்தது. ஏழுமலையின் ஆட்கள் அன்று தங்களையே மிஞ்சிவிட்டார்கள். மூட்டையோடு வந்தார்கள், ஓடி வந்தார்கள், அட்டையைத் தலைகீழாக வைத்தார்கள். டிக்கெட் இல்லாமல் ஒட்டிக்கொண்டு போக முயன்றவர்கள் ஒருவர் விடாமல் மாட்டினார்கள். பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் விழுந்தது. தலைமை அதிகாரியோடு வந்தவர்கள் கைகுலுக்கத் தொடங்கினார்கள். கேன்டீனிலிருந்து கேசரி வாசனை வந்தது. அதிகாரி மேசையருகே உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தார்.

நான் சுந்தரம் சாரைப் பார்த்தேன். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் பேசினால் அது சோதனை. தொட்ட பிறகு பேசினால் அது புகார். இரண்டுக்கும் வார்த்தை ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் விளைவு ஒன்றல்ல. பின்னால் லைனில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள்.

"சார், ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு" என்றேன்.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். "எல்லாம் முடிஞ்சுதே."

"லிஸ்ட்ல இல்லாதது சார்."

பேனாவைக் கீழே வைத்தார். ராணி வந்தாள். குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். சக்கரம் வைத்த பலகைமேல் பொம்மையைக் கட்டி நிறுத்தியிருந்தோம். "நேத்து அடிச்ச அதே கேட்டாலயே போவட்டா மேடம்?" என்று கேட்டாள். தலையாட்டினேன். பொம்மையின் கையைப் பிடித்தாள். ஏழுமலைக்கு நான் சைகை காட்டவில்லை, அவராகவே மெகாபோனைத் தூக்கினார். "ரயில் வந்துட்ச்சி."

ராணி அட்டையை வைத்துவிட்டு ஓடினாள். இறக்கை வந்து அடித்தது. பொம்மையின் தலை கழன்று, தரையில் உருண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி, அதிகாரியின் காலருகே போய் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாருமே சிரிக்கவில்லை.

அவர் குனிந்து தலையை எடுத்தார். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது ஏற்கெனவே நடந்துச்சா?"

"நேத்து சார். இவங்க குழந்தைக்கு. பெரிய அடி இல்ல."

அவர் ராணியைப் பார்த்து, "இப்ப எப்படிம்மா இருக்கா?" என்றார்.

"வீங்கிக்கீது சார். காலைல இட்லி துன்னா. நல்லாக்கீறா."

அவர் என் பக்கம் திரும்பினார். "இதை ஏன் இப்ப காட்டினீங்க? நான் கையெழுத்துப் போட்டிருப்பேனே."

"அதுக்குத்தான் சார்."

அதற்கப்புறம் அவர் ஆட்களுக்குள் பெரிய விவாதம். சரிசெய்ய வழி இருந்தது. கீழே, முட்டி உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் கூடுதலாக சென்சார் வைத்து, முன்னால் போகிறவரை ஒட்டிக் குள்ளமாக ஏதாவது வந்தால் இறக்கை காத்திருக்கும்படி செய்யலாம். அவர்களில் ஒரு இளைஞர் உடனே கேட்டார், பெரியவன் ஒருவன் குனிந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று. நல்ல கேள்வி. கேட்டுக்கு அவனும் குழந்தையும் ஒன்றுதான், அவனும் போய்விடுவான் என்றேன். அப்படியானால் பழைய புகார் திரும்ப வரும், கணக்கு திரும்ப உதைக்கும் என்றார் அந்த இளைஞர். அதுவும் உண்மை.

தலைமை அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பட்டியலை எடுத்து, அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். "குனிஞ்சு போறவன் போகட்டும்" என்றார். "அவனை ஆள் வெச்சுப் பிடிக்கலாம். ஒரு குழந்தை போச்சுன்னா என்ன வெச்சும் திரும்பக் கொண்டுவர முடியாது. நான் பதில் சொல்லிக்கறேன்." அந்த ஒரு வரிக்காக அவர் அலுவலகத்தில் அவரை மாதக்கணக்கில் கேள்வி கேட்டார்கள் என்று பிற்பாடு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் என்னிடம் மூச்சுவிடவில்லை.

அன்றைக்குக் கையெழுத்து ஆகவில்லை. கேசரியை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழுமலையின் ஆட்கள்தான் பாக்கி வைக்காமல் முடித்தார்கள்.

கதையை இங்கேயே நிறுத்தினால் நான் நல்ல பெயரோடு போய்விடுவேன். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது மீதியில்தான் இருக்கிறது. சுந்தரம் சார் சொன்னபடியே நடந்தது. புது சென்சார் வந்து, பொருத்தி, மறுபடி சோதித்து முடிப்பதற்குள் லைன் நின்றது. கான்ட்ராக்ட் பிள்ளைகளை வேலை வரும்போது கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சரளா என்று ஒரு பெண், தண்டலத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தவள், கை வேகமான பிள்ளை. கணக்கு முடித்துக்கொண்டு போகும் அன்று கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க நல்லதுதான் பண்ணீங்க மேடம். நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

என் டீயை அவள் பக்கம் தள்ளினேன்.

"ஆனா எங்களுக்கு யாரு மேடம் பொம்மை கொண்டாருவாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். சுந்தரம் சாரிடம் போய் நின்றேன். அவர் ஏற்கெனவே தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சிலரை பேக்கிங்கில் போட்டார், சிலரைப் பக்கத்துக் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். லைன் திரும்ப ஓடியபோது பாதிப் பேர் வந்தார்கள். சரளா வரவில்லை. வேறு எங்கேயோ செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். சரியான முடிவு எடுத்தால் எல்லாரும் வந்து கைகொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பிரிவுக்கு வராதீர்கள். சரியான முடிவுக்கும் யாராவது ஒருவர் விலை கொடுக்கிறார். அது பெரும்பாலும் முடிவெடுத்தவராக இருப்பதில்லை. அந்த முகத்தைப் பார்க்காமல் நழுவிவிடாதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

சுந்தரம் சார் என்னோடு வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசாமல் ரொம்ப நாள் இருந்தார். கடைசியில் புது கேட்டுகள் லாரியேறிய அன்று ஷெட் வாசலில் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ செஞ்சது சரி" என்றார். "நான் சொன்னதும் தப்பில்ல."

"ஆமாம் சார்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்று சாயங்காலம் பழையபடி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காக அந்த நகரத்துக்குப் போனேன். பட்டுப்புடவையோடு சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினேன். அன்று அந்த ஊரில் ஏதோ பண்டிகை, நிலையம் பிதுங்கியது. என்னோடு வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் மட்டும் நம் கேட்டுகளுக்கு எதிரே ஒரு தூணோரம் நின்றுவிட்டேன். சொந்தக்காரர் வீட்டுக் குழந்தையைப் பள்ளிக்கூட மேடையில் பார்ப்பது போல இருந்தது. ஒவ்வொரு முறை இறக்கை திறந்து மூடும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஓர் இளம் பெண் வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கைப்பிடியில் இன்னொன்று, தோளில் பெரிய பை. கைப்பிடியில் இருந்த பிள்ளை பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தது. அவள் அட்டையை வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நுழைந்தாள். இறக்கை காத்திருந்தது. பிள்ளை கடந்து போனது. பிறகுதான் மூடியது. அந்தப் பக்கம் போனதும் பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, மறுபடி ஒருமுறை அதற்குள் போக வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து அடம்பிடித்தது. அந்த ஊர் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தாய் திட்டியதில் ஒரு வார்த்தைகூட எனக்கு விளங்காமல் போகவில்லை.

அவர்கள் படியிறங்கி மறையும் வரை பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதே கேட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள். முன்னால் இருந்தவன் அட்டையை வைத்தான். பின்னால் இருந்தவன் நல்ல உயரம். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, முதுகை வளைத்து, தலையைத் தொங்கப்போட்டு, கூட்டாளியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாத்து நடப்பது போலக் குந்திக் குந்தி உள்ளே போனான். கேட் பொறுமையாகக் காத்திருந்து அவனை அனுப்பிவைத்தது. அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தான். அப்போது தூணோரம் நின்ற என்னைப் பார்த்துவிட்டான்.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே காவலாளி இருந்தார். சொல்லவில்லை. பட்டுப்புடவையும் பூவுமாக ஒரு கிழவி தன்னைப் பார்த்து ஏன் இப்படி வாய்விட்டுச் சிரிக்கிறாள் என்று அவனுக்கு விளங்கியிருக்காது. கொஞ்ச நேரம் முழித்தான். பிறகு அவனும் சிரித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினான்.